கடற்கரை ஊரில் காரின் பளபளப்பை வீட்டிலேயே மீட்பது: எந்தப் பொருள் தேறும், எது தேறாது

கீறலைத் தேய்த்து எடுக்கும் கம்பவுண்டு பாட்டில் வாங்கும் முன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். கடலூரில் தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கமோ, புதுச்சேரியில் கடலை ஒட்டிய தெருக்களிலோ கார் வைத்திருப்பவருக்கு, கடையில் வரிசையாக நிற்கும் ஷாம்பு, பாலிஷ், வேக்ஸ் எல்லாவற்றையும் விட முதலில் கைகொடுப்பது அந்தச் சின்னக் கருவிதான். இங்கே பெயின்ட் மங்குவதற்குப் பாதிக் காரணம் கழுவாமல் விடுவது. மீதிப் பாதி, தப்பான தண்ணீரில் தப்பான முறையில் கழுவுவது. கீழே வரும் பொருட்களை எல்லாம் இந்தக் கரையின் உப்புக் காற்று, போர்வெல் தண்ணீர், மே மாத வெயில், ஐப்பசி கார்த்திகை மழை ஆகியவற்றுக்குத் தாங்குமா என்ற கணக்கில்தான் எடை போட்டிருக்கிறோம்.

முதலில் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே ஈரம் பிடிக்கும். நம்ம ஊர் இரவுகளில் அந்த அளவு ஈரம் காற்றில் பெரும்பாலும் இருக்கிறது. பானட் மேல் படிந்த உப்பு இரவில் நீராகி, காலை வெயிலில் மறுபடி படிகமாகும். நல்ல பெயின்ட்டை அது உடனே தின்றுவிடாது. கல் தெறித்துப் பெயின்ட் போன இடம், கதவின் அடி மடிப்பு, சக்கர வளைவு, நம்பர் பிளேட் ஸ்க்ரூ ஓட்டை என்று இரும்பு வெளியே தெரியும் இடங்களைத்தான் அரிக்கும். பெயின்ட்டுக்கு வரும் கேடு வேறு வழியில் வருகிறது. காலையில் பூந்துடைப்பமோ பழைய பனியன் துணியோ எடுத்து வறட்டாகத் துடைக்கிறோம். உப்புப் படிகமும் மணலும் துணியோடு சேர்ந்து தேய்த்து, வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்களை உண்டாக்குகின்றன. நெய்வேலிப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் மோசம். அங்கே அனல்மின் நிலையத்திலிருந்து வரும் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் உண்டு, இரண்டுமே கடினமான துகள்கள். சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் என்பதால் ஈரம் பட்டு வெயிலில் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். எந்தத் தூசியாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் துணி படவேண்டும்.

அடுத்து தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவு டிடிஎஸ் 500 (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்கிறது அதே தரம். கடலோர போர்வெல்களில் கடல்நீர் ஊடுருவியிருப்பதால் மீட்டர் 1000, 1500 என்று காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு சூடான பானட்டில் காய்ந்தால், கால்சியம் கார்பனேட்டும் உப்பும் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும். பலரும் ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்துக் காரைக் கழுவுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை விட அதன் டிடிஎஸ் அதிகம். முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி அலசலுக்கு அது ஆகவே ஆகாது.

கடைசி அலசலுக்குச் செலவே இல்லாத நல்ல தண்ணீர் ஏசி வடிகால் குழாயில் சொட்டுகிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. மீட்டர் வைத்தால் பெரும்பாலும் 50-க்குக் கீழேதான் காட்டும். நம்ம ஊர் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ஓர் இரவு ஓடினால் பல லிட்டர் சேரும். மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு லிட்டர் கைப் பம்பு ஸ்ப்ரேயரில் ஊற்றி அடித்தால் ஒரு ஹேட்ச்பேக்குக்கு ஐந்தாறு லிட்டர் போதும். ஏசி இல்லாத வீட்டில் மழைநீரைப் பிடிக்கலாம், அல்லது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் ஒரு கேன் வாங்கலாம். இந்த ஒரு மாற்றத்துக்கே கண்ணாடியும் பானட்டும் வித்தியாசம் காட்டும்.

ஏற்கெனவே வெள்ளை வளையம் விழுந்த காருக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் போதும். சம அளவு நல்ல தண்ணீரில் கலந்து, நிழலில், குளிர்ந்த பெயின்ட்டில், துணியை நனைத்து ஓரிரு நிமிடம் போர்த்தி வைத்து எடுத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வளையம் போய்விட்டால் அது மேலே படிந்த உப்பு மட்டுமே. போகாமல் குழிந்த தடமாகத் தெரிந்தால் பெயின்ட்டுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பாலிஷ் தவிர வேறு வழி கிடையாது. கடையில் 'வாட்டர் ஸ்பாட் ரிமூவர்' என்று விற்பவை பெரும்பாலும் இன்னும் வலுவான அமிலங்கள். வினிகர் தோற்ற பிறகு மட்டும் வாங்கினால் போதும்.

ஷாம்புவில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தவிர்த்தால் சரி. அது எண்ணெய்ப் பிசுக்கோடு வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். மெகுவயர்ஸ் என்ற பிராண்டின் கோல்டு கிளாஸ் ஷாம்புவுக்கு அளவு சுமார் 4 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. 10 லிட்டர் பக்கெட்டுக்கு 75 மில்லி. கடினத் தண்ணீரில் எந்த ஷாம்புவும் நுரை குறைவாகத்தான் தரும். நுரை வரவில்லையே என்று இரண்டு மடங்கு ஊற்றுவதால் பாட்டில் தீருமே தவிர அழுக்கு கூடுதலாகப் போகாது. வழவழப்புதான் முக்கியம். இரண்டு பக்கெட் வையுங்கள்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். காரைத் தேய்க்கும் கையுறையை (வாஷ் மிட்) ஒரு பகுதி தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசி, பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். ரூஃப், கண்ணாடி, பானட், டிக்கி, கதவின் மேல்பாதி, கீழ்பாதி என்று மேலிருந்து இறங்குங்கள். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு பக்கெட். மஞ்சள் ஸ்பாஞ்சை வாங்கவே வாங்காதீர்கள். அதன் தட்டையான முகத்தில் மாட்டிய மணல் எங்கும் போக வழியில்லாமல் பெயின்ட்டையே உழுகிறது.

பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் துடைக்கும் துணி. ஈரம் எடுக்க 600 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 600 கிராம் எடை) மேல் தடித்த மைக்ரோஃபைபர் ஒன்று, வேக்ஸ் துடைக்க 300–350 ஜிஎஸ்எம் துணிகள் ஐந்தாறு. தேய்க்காமல், விரித்துப் போட்டு இழுக்க வேண்டும். தரையில் விழுந்த துணி அன்றைக்குப் பெயின்ட் பக்கம் வரக்கூடாது. துவைக்கும்போது பருத்தித் துணியோடு சேர்க்காதீர்கள், துணியை மென்மையாக்கும் திரவமும் ஊற்றாதீர்கள். இழைகள் அடைத்துக்கொண்டு ஈரம் இழுப்பது நின்றுவிடும்.

பிரஷர் வாஷர் வாங்கலாமா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு 100–120 பார் (அழுத்தத்தின் அளவு) மெஷின் தாராளம். நம்ம வீடுகளில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாடித் தொட்டி குழாயிலிருந்து மூன்று மீட்டர் உயரம் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் என்று எண்ணிச் செய்த மெஷின் அதில் தண்ணீர் பற்றாமல் விட்டுவிட்டு உறுமும், பம்பு சீல் சீக்கிரம் போகும். பக்கெட்டிலிருந்து தானே உறிஞ்சும் மாடலா என்று கேட்டு, உறிஞ்சு குழாயும் ஃபில்டரும் உடன் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாசிலை ஓர் அடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டாம். பெயின்ட் ஏற்கெனவே உரிந்த இடம், ஸ்டிக்கர் ஓரம், கதவு ரப்பர் ஆகிய இடங்களில் அடிக்கவே வேண்டாம். இந்த மெஷினின் உண்மையான பயன் பானட்டில் இல்லை. சக்கர வளைவுக்குள்ளும் வண்டியின் அடிப்பாகத்திலும் சேர்ந்த உப்பு மணலை வெளியேற்றுவதில் இருக்கிறது. கடலூர் சில்வர் பீச்சில் நிறுத்திவிட்டு வந்த வண்டிக்கு அது பெரிய உபகாரம். பிறகு கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்தி விடுங்கள். அவை அடைத்துத் தேங்கும் தண்ணீர்தான் கதவை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது.

கழுவி முடித்ததும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாக நன்றாகத் தெரியும். அதற்குத்தான் அயர்ன் ரிமூவரும், பிசைந்த மாவு போன்ற களிக் கட்டியான கிளே பாரும். பிரேக் தூளிலிருந்து வரும் இரும்புத் துகளை அயர்ன் ரிமூவர் கரைத்து ஊதா நிறமாக வழியச் செய்யும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். கையுறை போட்டு, நிழலில் அடித்து, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில், காய்வதற்குள் அலசிவிடுங்கள். காரின் கீழ்ப்பாதிக்கும் சக்கரத்துக்கும் 200 மில்லி போதும். ஊதா வழியவில்லை என்றால் இரும்பு இல்லை. மறுமுறை அடித்துக் காசை வீணாக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலில் விலைக்கு மேல் வேலை செய்யும் பொருள் கிளே பார். 100 கிராம் கட்டியை மூன்றாகப் பிய்த்து, ஒரு துண்டை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி ஷாம்பு கலந்த ஸ்ப்ரேயை நிறைய அடித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று இழுக்கும். அந்தச் சத்தம் நின்று வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்கு ஏறிய பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிப் புதுப் பக்கத்தை வெளியே எடுங்கள். கீழே விழுந்த துண்டு குப்பைக்கு, எவ்வளவு புதியதாக இருந்தாலும் சரி. கிளே துணி, கிளே கையுறை என்று வருபவை வேகமானவை, கீழே விழுந்தாலும் அலசிக்கொள்ளலாம். ஆனால் மெல்லிய கீறல் விடுவது கூடுதல், அதனால் பாலிஷ் போடப் போகிறவருக்கு மட்டும் பொருத்தம். மங்கல் என்று நினைத்துக் கம்பவுண்டு வாங்கப் போகும் பல கார்களுக்கு இந்தக் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும்.

இனி கம்பவுண்டு. இங்கே அவசரப்படுவதுதான் ஆபத்து. கார் பெயின்ட்டின் மேல் அடுக்கான கிளியர் கோட் பெரும்பாலும் 40–50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது. கம்பவுண்டு கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியிருக்கும் பெயின்ட்டைச் சீவி மட்டமாக்குகிறது. சீவியது திரும்ப வராது. வெயிலைத் தடுக்கும் பாதுகாப்பும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி கம்பவுண்டு போட்டுப் பளபளக்கும் கார் சில வருஷத்தில் ரூஃபில் வெள்ளைத் திட்டாக வெடிப்பதற்குக் காரணம் இதுதான். நகத்தை ஓட்டினால் சிக்கும் கீறலைத் துரத்தவே வேண்டாம். அதை எடுக்கும் ஆழத்துக்குச் சீவினால் கிளியர் கோட்டே மிஞ்சாது.

பழைய கார்களில் முதலில் ஒரு சோதனை. மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி கம்பவுண்டு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காரின் நிறம் துணியில் ஏறினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட். வெயிலில் சுண்ணாம்பு பூத்த சிவப்புக் கார்கள் பலவும் இந்த வகை. கையால் தேய்த்தாலே பளபளப்பு அழகாகத் திரும்பும். நிறம் ஏறவில்லை என்றால் கிளியர் கோட் இருக்கிறது.

பாட்டில்களில் மெகுவயர்ஸ் அல்டிமேட் கம்பவுண்டு வீட்டு வேலைக்கு நிம்மதியானது. அதன் அரைக்கும் துகள்கள் நுண்ணியவை, தேய்க்கத் தேய்க்க உடைந்து மாறுவதில்லை. அதனால் எப்போது நிறுத்துவது என்ற குழப்பம் குறைவு, ஓரளவு தெளிவாகவே முடித்தும் தரும். ஒரு ஹேட்ச்பேக்குக்குச் சுமார் 100 மில்லி போதும், 450 மில்லி பாட்டில் பல வருஷம் வரும். பட்டறையில் டப்பாவில் கிடைக்கும் கரடுமுரடான ரப்பிங் கம்பவுண்டு, பெயின்டர் எமெரி போட்ட பிறகு போடுவதற்கு ஆனது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய கீறல் போய்ப் புதுக் கீறல் வரும். எந்த பாலிஷை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். போட்டு முடித்த இடத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு கலந்து (ஆல்கஹால் 20 சதவீத அளவு) துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல்கள் திரும்பி வந்தால் அந்தப் பாலிஷ் எண்ணெயால் மூடி மறைத்திருக்கிறது, சரிசெய்யவில்லை. 'கலர் பாலிஷ்', 'ஸ்க்ராட்ச் ரிமூவர் பேஸ்ட்' என்ற பெயரில் வருபவற்றில் நிறைய இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

கையால் ஒரு கதவைச் செய்யலாம், முழுக் காரைச் செய்வது கஷ்டம். ட்ரில் மெஷினில் ஃபோம் பேட் மாட்டும் செட்டை வாங்காதீர்கள். ஒரே அச்சில் சுழலும் எதுவும் பழகாத கையில் ஓரத்தைச் சுட்டுவிடும், வெயிலில் மின்னித் தெரியும் 'ஹாலோகிராம்' கோடுகளை விடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் (சுழன்றுகொண்டே அங்குமிங்கும் அதிர்வது) வீட்டுக்கு ஏற்றது. ஐந்தாறு ஆயிரம் ரூபாய் அளவில் கிடைப்பவையே போதும், 5 அங்குல பேட் போடும்படி இருக்கட்டும். பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலையின்போது அந்தக் கோடு சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுபோய் வெறுமனே அதிர்ந்தால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் மெஷின் எதையும் சரிசெய்யாது.

பிளாஸ்டிக், ரப்பர், பேட்ஜ், பேனல் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஓரத்தில் பெயின்ட் மெல்லியது, கறுப்பு பிளாஸ்டிக்கில் கம்பவுண்டு பட்டால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். பானட்டில் ஓரடிச் சதுரத்தில் முதலில் மென்மையான பேட் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் கடினமான பேட். பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு, இரண்டடிக்கு இரண்டடி பரப்பு. மெஷினை வைத்த பிறகே ஆன் செய்து, மெதுவான வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5-ஆம் வேகத்தில், நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தி, ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூடும்படி குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை. ஒவ்வொரு பரப்புக்கும் பிறகு பேட்டை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். தூள் தூளாகப் பறந்தால் பேட் அடைத்திருக்கிறது, அல்லது பெயின்ட் சூடாக இருக்கிறது. நம்ம ஊரில் மே மாதத்தில் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடிப்பதே நல்லது. வெயில் ஏறியதும் கம்பவுண்டு பரவும் முன்னே காய்ந்துவிடும்.

மேலே பூசும் பாதுகாப்பில் நம் கணிப்பு கொஞ்சம் கறாரானது. கார்நூபா வேக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது, கறுப்பு, சிவப்புக் கார்களுக்குத் தரும் ஆழமான பளபளப்பு வேறு எதிலும் இல்லை. ஆனால் இந்த வெயிலிலும் உப்பிலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. திருமணத்துக்கு முந்தைய நாள் போட அருமை. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு வேக்ஸுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான சிந்தெடிக் பாலிமர் சீலன்ட்டே சரி, நன்றாகப் போட்டால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிற்கும். ஆல்கஹால் துடைப்பு முடித்த சுத்தமான பெயின்ட்டில், வெளியே தெரியாத அளவு மெல்லிசாகப் பூசினால் போதும். தடியாகப் பூசினால் துடைக்கத்தான் பாடு. வருஷத்துக்கு ஒரு முறை போடுவதானால் புரட்டாசியில் போடுங்கள். வடகிழக்கு மழை தொடங்கும் முன் கவசம் ஏறியிருக்கும்.

பாட்டிலில் வாங்கி வீட்டில் பூசும் செராமிக் கோட்டிங்கை இங்கே பரிந்துரைக்க மாட்டோம். அந்தப் பாட்டில்களில் போட்டிருக்கும் '9எச்' என்பது பென்சிலால் கீறிக் கடினத்தைப் பார்க்கும் அளவுகோல். வைரம் பத்து என்று சொல்லும் மோஸ் அளவுகோல் வேறு, சாவிக் கீறலை இது தடுக்காது. காற்றின் ஈரத்தைக் கொண்டுதான் அது இறுகுகிறது. நம்ம புழுக்கத்தில் எதிர்பார்ப்பதை விட வேகமாக இறுகி, துடைக்கும் முன் திட்டாக நின்றுவிடும். அந்தத் திட்டை எடுக்க மறுபடி பெயின்ட்டைச் சீவ வேண்டும். ஏசி போட்ட, தூசி இல்லாத அறை இருப்பவர் செய்யட்டும். சிலிக்கா கலந்த ஸ்ப்ரே வகை வேறு. கழுவிய ஈரம் காய்ந்ததும் அடித்துத் துடைக்கலாம், சீலன்ட்டின் ஆயுளை நீட்டிக்க அது நல்ல துணை.

கவசம் போட்டாலும் காக்கை எச்சத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலைக்குப் பிறகு வண்டி போகாததால் உள்தெருக்களில் மரத்தடியில் நிறுத்துகிறோம். வெயிலில் இளகிய பெயின்ட் மேல் யூரிக் அமிலம் கலந்த எச்சம் காய்ந்து சுருங்கும்போது அடியிலுள்ள பெயின்ட்டையும் இழுத்துக் குழியாக்குகிறது. வண்டியில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும். நனைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள், சுரண்டாதீர்கள்.

பாலிஷால் ஆகாதவையும் உண்டு. ரூஃபில் கிளியர் கோட் தோலாக உரியத் தொடங்கியிருந்தால் எந்த பாட்டிலுக்கும் செலவு செய்ய வேண்டாம், அந்தப் பேனலுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் வழி. பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தால் அது துரு. 180 எண் எமெரித் தாளில் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, 320-ல் ஓரத்தைச் சரித்து, மிஞ்சிய துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர், பிறகு பிரைமர், டச் அப் பெயின்ட். மழைக்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். பிரைமருக்கு அடியில் ஈரம் மாட்டினால் சில மாதத்தில் கொப்புளம் திரும்பும். குத்தினால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகும் அளவுக்கு அரித்திருந்தால் டிங்கரிங் பட்டறைதான்.

மஞ்சளித்த ஹெட்லைட்டை மட்டும் தைரியமாகக் கை வைத்துப் பாருங்கள். விளக்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல் இருந்த யுவி (புற ஊதா) தடுப்புப் பூச்சு கெட்டுப்போனதே அந்த மஞ்சள். டூத்பேஸ்ட்டில் தேய்த்தால் கொஞ்ச நாள் தெளியும், அவ்வளவுதான். சுற்றிலும் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, வாட்டர் பேப்பரை (நீரில் நனைத்துத் தேய்க்கும் எமெரித் தாள்) பத்து நிமிடம் ஊறவைத்து, 800 எண் தாளில் தொடங்குங்கள். லேசான மஞ்சளுக்கு 1000 போதும். முதலில் மஞ்சள் பால் வழியும், வெள்ளைப் பாலாக மாறியதும் அடுத்த தாளுக்குப் போகலாம். 1500, 2000, 3000 என்று ஒவ்வொன்றிலும் திசையை மாற்றித் தேய்த்தால், முந்தைய தாளின் கோடு போய்விட்டதா என்று தெரியும். பிறகு கம்பவுண்டு. இதோடு நிறுத்தினால் பூச்சு இல்லாத வெறும் பிளாஸ்டிக் நம்ம வெயிலில் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும். யுவி பாதுகாப்புப் பூச்சு உடன் வரும் செட்டாகப் பார்த்து வாங்கி, ஆல்கஹாலில் துடைத்த விளக்கின் மேல் ஒரே திசையில் பூசி, அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள்.